நல்லமுத்துவின் ஈரலுக்கு இரண்டு வழி

இலங்கை மலையகத்தில் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நல்லமுத்து போட்ட பைப்பில் தண்ணி பிடிக்காத லயத்து வீடு இல்லை. படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. பதினாலு வயதில் பைப்புக்குக் குழி தோண்ட அலவாங்கைத் தூக்கியவர், அறுபத்திரண்டில் ஆறு பேரை வைத்து வேலை வாங்கினார். இஞ்சினியருக்குப் படித்து வந்தவர்களே, "ஊத்து எந்தப் பக்கம் அண்ணே?" என்று அவரைக் கேட்டுத்தான் மலையேறுவார்கள். அதைவிடப் பெரிய பெருமை ஒன்று உண்டு. சாராயம் ஒரு சொட்டு அவர் நாக்கில் பட்டதில்லை. மனைவி அழகம்மாவின் அப்பா கசிப்பு என்ற கள்ளச்சாராயம் குடித்து ஈரல் வெந்து செத்தவர். மாப்பிள்ளை குடிக்க மாட்டேன் என்று சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணிய பிறகுதான் அவள் கழுத்தை நீட்டினாள். அது ஆச்சு முப்பத்தெட்டு வருஷம்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஹார்ட் அட்டாக். மலைச்சரிவில் பைப்போடு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது பிரஷர் பாதாளத்தில் கிடந்தது. எப்படியோ பிழைத்தார். மூன்றாம் நாள் டொக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ கேட்டார்.

"குடிப்பீங்களான்னு கேக்குறாருங்க" என்றாள் நர்ஸ் சுதர்ஷினி. ஹட்டன் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை.

"எதுக்கு தாயி?"

"ஈரல் அடிபட்டிருக்கு. ஈரல் அடிபட்டா ரத்தத்துல ஒரு கணக்கு ஏறும்; நாப்பதுக்குள்ள இருக்க வேண்டியது மூவாயிரத்துல நிக்குது."

அழகம்மா புருஷனை யாரோ போலப் பார்த்தாள்.

"சத்தியமா இல்ல புள்ள."

"சத்தியந்தான் ஏற்கெனவே பண்ணிட்டீங்களே."

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கஞ்சி ஊட்டினாள், முகம் துடைத்தாள். நல்லமுத்துவுக்கு நியாயம் பிடிபடவில்லை. நோவு நெஞ்சில், பழி ஈரலுக்கா? மறுநாள் நர்ஸைப் பிடித்து வைத்துக் காரணம் கேட்டார்.

"ஈரலுக்கு ரத்தம் ரெண்டு வழியா வருதுங்க ஐயா. குடல்லேருந்து வர்ற பெரிய குழாய்தான் முக்கால்வாசி கொண்டு வரும். இன்னொண்ணு இதயத்துலேருந்து நேரா வர்ற சின்னக் குழாய். பெரியதுல வரத்து குறைஞ்சா சின்னது தானா விரிஞ்சு கூட விடும்."

"வால்வ யாரு திருப்புறது?"

"யாரும் இல்ல. அங்கேயே ஒரு பொருள் ஊறிக்கிட்டிருக்கும். ரத்தம் வேகமா ஓடுனா அதக் கழுவிட்டுப் போயிரும். ஓட்டம் குறைஞ்சா அது தேங்கி, சின்னக் குழாய விரிச்சு விடும்."

இப்படி ஒரு வால்வை நல்லமுத்து ஆயுசில் கண்டதில்லை. "அப்ப சின்னது குறைஞ்சா பெரியது கூட விடுமா?"

"விடாது. குடல்ல ஓடி முடிச்சு வர்றது எவ்வளவோ, அவ்வளவுதான் அது கொண்டு வரும்."

"சரி, சின்னதுதான் விரியுதே. பொறவு ஏன் அடிபட்டுச்சு?"

"இதயம்ங்கிற பம்பே படுத்துட்டா விரிஞ்சு என்ன பண்ண? இருக்குற ரத்தத்த உடம்பு மூளைக்கும் இதயத்துக்கும் மொதல்ல குடுக்கும். ஈரல் கிடைச்ச கொஞ்ச ரத்தத்துல பிராணவாயுவ இழுத்து எடுத்துச் சமாளிக்கும். அதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல."

"குடிகாரங்களும் இப்படித்தான் கதை கட்டுவாங்க" என்றாள் அழகம்மா.

"குடிச்சுக் கெட்ட ஈரல் மூவாயிரத்துக்கு ஏறுறதில்லம்மா. கெட்டது ஒரு வாரத்துல சரியாகுறதும் இல்ல. இது இறங்கும், பாருங்க."

அழகம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, இலக்கம் தெரியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்த தாளைத் தானே வாங்கிப் பார்த்தாள். ஆயிரத்து நானூறு. அறுநூறு. ஆனால் நல்லமுத்துவுக்கு இப்போது தன் மேலேயே சந்தேகம். தெரியாமல் குடித்துத் தொலைத்தோமோ? யோசித்து யோசித்துக் கடைசியில் ஒப்புக்கொண்டார்.

"புள்ள, போன மழைக்கு இருமலுன்னு, சாராய வாடை அடிக்குற அரிஷ்ட மருந்து ரெண்டு மூடி குடிச்சேன்."

"அத ஊத்திக் குடுத்ததே நான்தானுங்க."

அடுத்த தாளில் இருநூறு. டொக்டர் தலையாட்டினார். இது குடி இல்லை, ரத்தம் போகாமல் வந்த வினை என்று அவர் சொன்னதை சுதர்ஷினி தமிழில் சொன்னாள். அழகம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இப்பயாவது நம்புறியா?"

"நம்புறேங்க. ஆனா ஒண்ணும் வெளங்கல."

"எனக்கு மட்டும் வெளங்கிருச்சா? சின்னது குடுக்குமாம், பெரியது குடுக்காதாம். அப்படி ஒரு பைப்பு லைன நான் போட்டிருந்தா தோட்டத்துல அடிச்சே வெரட்டியிருப்பாங்க."

அழகம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுடைய தோள் குலுங்குவதைப் பார்த்த நல்லமுத்துவுக்கு, அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்பதும் விளங்கவில்லை.