சொல்லிக்கொண்டு போகிற மாமி

சாவு வீட்டுக்குப் போனால் துக்கம் கேட்டுவிட்டு, எழுந்து, வாயைத் திறக்காமல் நடையைக் கட்ட வேண்டும். எங்கள் திருநெல்வேலிப் பக்கமும் அப்படித்தான், இந்த மயிலாப்பூரிலும் அப்படித்தான். 'போயிட்டு வரேன்' என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. அதனால்தான் என் அம்மா இறந்த அன்று, மாடி வீட்டு அபயாம்பாள் மாமி எங்கள் வாசலில் நின்றுகொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "மீனாட்சி, நான் போயிட்டு வரேன்" என்று சொன்னபோது எனக்கு ரத்தம் கொதித்தது.

என் நாத்தனார் என்னைவிடக் கொதித்தாள். "துட்டி வீட்டுல வாரேன்னு சொல்லிட்டுப் போறாவளே, கூறுகெட்ட பொம்பளையால்லா இருக்காவ!" என்று அழுகைக்கு நடுவே எழுந்தே விட்டாள். அவளைப் பிடித்து உட்கார வைப்பதே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

1999ஆம் வருஷம், தை மாதம். என் வீட்டுக்காரர் சுயம்புலிங்கத்துக்கு தி.நகரில் பாத்திரக்கடை. மந்தைவெளியில் ஒரு பிளாட்டில் கீழ் வீடு எங்களுடையது, மேல் வீடு மாமியுடையது. மாமி இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தார். கணவர் இல்லை, ஒரே பெண் ஸ்நேஹாவைக் கட்டிக்கொடுத்தாயிற்று. அதுவரை அவருக்கும் எனக்கும் இருந்த பழக்கமெல்லாம் படியில் பார்த்தால், "லாரி வந்துதா? தண்ணி பிடிச்சியா?" என்று கேட்டுக்கொள்வதோடு சரி.

சொன்னபடி மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிப் போனார்கள், நாத்தனார் உட்பட. முறைப்படி, சொல்லிக்கொள்ளாமல்தான் போனார்கள். சுயம்புலிங்கம் கடைக்குப் போய்விட்டார். அம்மா படுத்திருந்த கட்டிலும் நானும்தான் மிச்சம். அன்றைக்கும் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த கையோடு மாமி வந்து உட்கார்ந்தார். அவர் வீட்டுக்குள்ளேயே நுழையாத பூண்டை எனக்காக உரித்துக் கொடுத்தார்.

எனக்கு வாயை அடக்கத் தெரியாது. கேட்டேவிட்டேன். "மாமி, நீங்க படிச்சவங்க. சாவு வீட்டுல வரேன்னு சொல்லக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நன்னாத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்" என்றார் மாமி. "இதைத் தெரியாம சொன்னவ ஒருத்தி இருந்தா. அவ பேரு கமர் ஜஹான்."

அதன் பிறகு உரித்துக்கொண்டே சொன்னதுதான் இந்தக் கதை.

தி.நகர் ஆபீஸில் மாமியும் கமர் ஜஹானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நாற்காலிகள் பக்கத்துப் பக்கத்தில். கமருக்கு வீடு கச்சேரி ரோட்டில், மசூதிக்குப் பின்னால் ஒரு சந்தில். காலையில் பஸ்ஸில் முதலில் ஏறுகிற கமர் கைப்பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு வருவார், லஸ்ஸில் மாமி ஏறிக்கொள்வார். மத்தியானம் சேர்ந்து சாப்பிடுவார்கள். அபயா பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதற்காகவே கமரின் டப்பாவில் கத்தரிக்காய், உருளைக்கிழங்கு தவிர வேறெதுவும் வராது. அமாவாசையன்று வெங்காயம்கூட இருக்காது.

தொண்ணூறில் மாமியின் கணவர் சங்கரன் திடீரென்று மார்வலியில் போய்விட்டார். ஸ்நேஹா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வீடு கொள்ளாத சொந்தக்காரக் கூட்டம். ஆபீஸிலிருந்து எல்லாரும் வந்தார்கள், தலையைக் குனிந்துகொண்டே போனார்கள். கமர் மட்டும் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "போய்ட்டு வரேன் அபயா" என்றார். மாமியின் அண்ணன் மனைவி, அந்த மன்னி, பாம்பை மிதித்தவள் மாதிரித் துள்ளினாராம்.

"எங்க மன்னி முறைச்ச முறைப்புல வேற யாராவதா இருந்தா தெருப்பக்கமே தலைவச்சுப் படுத்திருக்க மாட்டா. இவ மறுநாளே வந்து நின்னா."

மறுநாள் மட்டுமில்லை, தினமும். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. பகவான் சித்தம், காலம் ஆற்றும், குழந்தை முகத்தைப் பார் என்பதெல்லாம் கிடையாது. ஆபீஸ் வம்பைக் கொண்டுவந்து கொட்டுவார். "மேனேஜர் புதுசா விக்கு வச்சிகினு வந்துகீறாரு அபயா. ஃபேன் போட்டா ஒரு கையால புடிச்சிகினே கையெழுத்துப் போடறாரு" என்று நடித்துக் காட்டியதும் மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வெட்கம், பயம். உள்ளே மன்னி இருக்கிறாளே! "சிரிச்சா இன்னா தப்பு? சங்கரன் அண்ணன் இருந்தா அவரும்தான் சிரிச்சிருப்பாரு" என்றாராம் கமர்.

திரும்ப வேலைக்குப் போகிற நாள் வந்தது. வெறும் நெற்றியோடு லஸ் பஸ் ஸ்டாப்பில் நிற்க மாமிக்கு உடம்பெல்லாம் கூசியது. மன்னி பொட்டு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பஸ் வந்தது. கமர் இடம் பிடித்து உட்கார்ந்திருக்காமல் கீழே இறங்கிவிட்டார். கைப்பையைத் திறந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, மெரூன் நிறத்தில் சின்னதாக ஒன்றை உரித்து மாமியின் நெற்றியில் ஒட்டினார்.

"உன் பையில பொட்டு எப்படிடி வந்தது?" என்று மாமி கேட்டிருக்கிறார்.

"நானா வச்சிக்கப் போறேன்? உனக்குன்னுதான் வாங்கினேன். அடுத்த பஸ்ல போலாம், வா. முதல்ல மூஞ்சியத் துடை."

இதைச் சொல்லும்போது மாமியின் கை நெற்றிக்குப் போயிற்று. அன்றும் மெரூன் பொட்டுதான் வைத்திருந்தார். "அவ இல்லேன்னா நான் வேலையை விட்டிருப்பேன் மீனாட்சி. ஸ்நேஹாவைக் கூட்டிண்டு மன்னியாத்துல சமையல் பண்ணிண்டு கிடந்திருப்பேன். அதை அவகிட்ட ஒருநாள் சொல்லணும் சொல்லணும்னு நினைச்சுப்பேன். ஆனா பக்கத்துல உக்காந்துண்டிருக்கறவகிட்ட எப்படிடி தேங்க்ஸ் சொல்றது? சொன்னா செருப்பால அடிப்பா!"

தொண்ணூற்றாறில் கமரின் கணவர் கரீமுல்லா இறந்தார். மாமி அன்றே ஓடினார். வீடு நிறையப் பெண்கள், அழுகை. கமரின் முகத்தை எட்ட இருந்து ஒருமுறை பார்த்ததுதான். இவரும் பழக்கப்படி சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டார்.

எல்லாம் தெரிந்தவர் என்று எல்லா ஆபீஸிலும் ஒருவர் இருப்பார். அங்கே அவர் பெயர் வெங்கடரமணன். "கமர் மேடம் இனிமே இத்தத்ல இருப்பாங்க. புருஷன் போனா நாலு மாசம் பத்து நாள் துக்கம் காக்கறது. வெளி மனுஷா யாரும் போய்ப் பாக்கக் கூடாது மேடம், அவாளுக்கு அது ரொம்ப ஆசாரம்" என்று அவர் சொல்ல, மாமி அப்படியே நம்பிவிட்டார். ஏன் நம்ப மாட்டார்? தீட்டு, மடி, ஒதுங்கி நில், தொடாதே என்று கேட்டே வளர்ந்தவர். ஆசாரம் என்று யாராவது சொன்னால் தள்ளி நிற்பதுதான் மரியாதை என்று அவருக்குத் தெரியும். அந்த வெங்கடரமணன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால்!

மாட வீதிக்குக் காய் வாங்கப் போகும்போதெல்லாம் மாமியின் கால் கச்சேரி ரோட்டுப் பக்கம் திரும்பும். ஒருநாள் சந்து முனை வரைக்கும் போய், மாடி ஜன்னலின் பச்சைத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். ஃபோன் பண்ணலாம் என்று நினைப்பார், குரலும் கேட்கக் கூடாதோ என்னவோ என்று வைத்துவிடுவார். காலண்டரில் கெடு முடிகிற நாளைக் குறித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். தான் ஒரு பெரிய விரதம் இருப்பதாகவே அவருக்கு நினைப்பு.

கெடு முடிந்த மறுநாள் காலையில் பழமெல்லாம் வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். கமர்தான் திறந்தார். இளைத்திருந்தார்.

"வாங்க" என்றார். "உக்காருங்க."

மாமி பூண்டை அப்படியே தட்டில் போட்டுவிட்டார். "வாங்கன்னாடி என்னை! வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து வாடி போடின்னு பேசினவ. பால்காரன்கிட்டப் பேசற மாதிரி வாங்கன்னா, உக்காருங்கன்னா."

மாமி உட்கார்ந்தார். கமர்தான் ஆரம்பித்தார். "எதிர் வூட்டு டீச்சரம்மா தினம் வந்தாங்க. பட்டினப்பாக்கத்துலேந்து மீன் கொண்டாருமே, அந்தம்மா கூடையை வாசல்ல வச்சிட்டு உள்ள வந்து என் பக்கத்துல உக்காந்து அழுதுச்சு. நீங்க வருவீங்கன்னு பாத்துகினே இருந்தேன்."

"இத்தத்ல யாரும் பாக்கக் கூடாதுன்னு சொன்னாளே கமர்! அதனாலதான்..."

கமர் நிமிர்ந்தார். "நான்தான் வெளிய வரக்கூடாது. நீங்க உள்ள வரக்கூடாதுன்னு யாரு சொன்னது?"

கமர் மெல்ல இன்னொன்றும் கேட்டார். "ஒரு ஃபோன் போட்டு என்னையே கேட்டிருக்கலாமே?"

இந்த இடத்தில் மாமி அழுதுவிட்டார். "எங்காத்து அமாவாசை அவளுக்குத் தெரியும். ஏகாதசி தெரியும். என் மாமனார் தெவசம் என்னிக்குன்னு அவதான் ஞாபகப்படுத்துவா. அவாத்து வழக்கம் நேக்கு என்ன தெரியும், சொல்லு? ரம்ஜானுக்குப் பட்டினி கிடப்பா, மத்தவாளுக்கெல்லாம் பிரியாணி கொடுப்பா. அவ்ளோதான். இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட நான் கேட்டுண்டதில்லை. வழக்கம் தெரியாதவ தினம் வந்தா. வழக்கம் தெரிஞ்ச நான் ஆத்துல உக்காந்துண்டிருந்தேன்."

அன்று கமர் டீ கொடுத்தார். மாமி குடித்தார். கிளம்பும் நேரத்தில் பழக்கதோஷம், வாயைத் திறக்காமல் எழுந்து வாசலுக்கு வந்து செருப்பில் கால் நுழைத்தார்.

"இன்னா, இன்னிக்கும் சொல்லாமயே போறீங்களா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மாமி திரும்பினார். இத்தனை வயதில் முதல்முறையாக, துக்க வீட்டு வாசலில் நின்று, "போயிட்டு வரேன் கமர்" என்றார்.

கமர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்கடி வருவே? ஷஃபியுல்லா ஞாயித்துக்கிழமை என்னை பெங்களூருக்கு இட்டுகினு போறான். வூட்டைக் காலி பண்றோம்."

ஷஃபியுல்லா கமரின் ஒரே பையன். இன்னும் சில வருஷம் சர்வீஸ் இருந்தும் கமர் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டார். தனியாக வீட்டில் இருக்க முடியவில்லையாம். மாமி தினமும் போய் உட்கார்ந்திருந்தால் கமர் ஊரை விட்டுப் போயிருப்பாரா என்று அவரைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. அதை அவரே தினமும் கேட்டுக்கொண்டிருப்பார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அதுக்கப்புறம் யாராத்துல துக்கம்னாலும் சொல்லிண்டுதான் வரேன். சொல்லிட்டா மறுநாள் போயாகணுமே. திட்டறவா திட்டட்டும்."

"சரி, பெங்களூருக்குப் போனீங்களா?" என்று கேட்டேன்.

"போகணும்டி. ஸ்நேஹா கல்யாணம் வந்துது, அப்புறம் அவ பிரசவம்..."

"மூணு வருஷமாவா பிரசவம் ஆவுது? காலையில பிருந்தாவன்ல ஏறுனா மத்தியானம் பெங்களூரு. என்ன மாமி கதை விடுதீங்க?"

மாமி பூண்டுத் தோலை ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு உண்மையைச் சொன்னார். "ஃபோன்ல பேசறா. நீன்னுதான் பேசறா. ஆனா நேர்ல போய் நின்னு, அந்த 'வாங்க' இன்னொரு தரம் காதுல விழுந்துடுமோன்னு பயமா இருக்கு."

அவரைத் திட்டித் தீர்த்தேன். ஆவணியில் போவதாக வாக்கு வாங்கினேன். நானும் கூட வருவதாகச் சொன்னேன். டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

ஆடி கடைசியில் ஷஃபியுல்லாவிடமிருந்து ஃபோன் வந்தது. "அம்மி தவறிட்டாங்க ஆன்ட்டி. தூக்கத்துலயே."

மறுநாள் காலையிலேயே கிளம்பினோம். வேறு டிக்கெட். ஜோலார்பேட்டையில் நான் வாங்கிக் கொடுத்த காபி மாமியின் கையிலேயே ஆறிப்போயிற்று. நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே அடக்கம் முடிந்திருந்தது. மருமகள் அமீனா கதவைத் திறந்தாள். மாமியின் நெற்றியைப் பார்த்தாள். பெயரைக்கூடக் கேட்கவில்லை. "நீங்க அபயா மாமிதானே?" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், கமரின் கட்டிலிலேயே உட்கார வைத்தாள். மாமி அந்தக் கட்டிலைத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் நேரமாயிற்று. மாமி எழுந்து வாசலில் நின்று, வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "நான் போயிட்டு வரேன்."

யார் என்ன சொல்லப் போகிறார்களோ என்று பார்த்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. அமீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கண்டிப்பா வாங்க மாமி" என்றாள்.

படி இறங்கும்போது மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா மீனாட்சி, இந்தாத்துல இது தப்பான வார்த்தையே இல்லை" என்றார். ரெண்டு படி இறங்கி நின்றார்.

"ஆனா யார்கிட்டடி சொல்லிண்டு வரேன்?"