கொத்தமல்லியை வழிக்குக் கொண்டுவந்தவள்

சான் அன்டோனியோவின் மேற்குப் பகுதியில் ஒருத்தியைப் பார்த்து, கல்லுரலைச் சோப்புப் போட்டுக் கழுவினாய் என்று சொல்வதைவிடப் பெரிய வசவு கிடையாது. சோப்பு கல்லின் துளைகளில் ஊறிவிடும். பிறகு அரைப்பதெல்லாம் பாழ். அந்தக் குற்றத்தை எட்டு வயது நெரேய்தா, முப்பது பேர் கூடிய ஞானஸ்நான விருந்தில், உரலில் அரைத்த காரத் துவையலான சால்சாவை நக்கிப் பார்த்து, சொந்த அத்தையின் மேல் சுமத்தினாள்.

"அத்தை, சால்சாவுல சோப்பு வாசம் அடிக்குது!"

அத்தை சாவேலா கரண்டியைக் கீழே வைத்தாள். "என் உரல்ல சோப்பா? யாரைப் பாத்துடி சொல்ற?"

விருந்தாளிகள் ஒவ்வொருவராக ருசித்தார்கள். யாருக்கும் சோப்பு வாசம் வரவில்லை; அவளுக்கு மட்டும் அப்படி அடித்தது கொத்தமல்லித் தழைதான். அன்று முதல் நெரேய்தாவின் பெயர் 'சோப்புக்காரி'.

இருபத்தைந்து வருடம் ஆகியும் பெயர் போகவில்லை. சோள ரொட்டியில் இறைச்சி வைத்து மடித்துத் தரும் அத்தையின் டாக்கோ வண்டியில், இறைச்சி வாட்டுவது முதல் கூட்டத்தைச் சமாளிப்பது வரை நெரேய்தாதான். சால்சாவை மட்டும் தொட விடமாட்டார்கள். அப்போதுதான் அத்தை இரண்டாவது வண்டி வாங்கினாள். யார் சால்சா நன்றாக இருக்கிறதோ, புது வண்டி அவருக்கு. நெரேய்தாவுக்கு அது வேண்டும். அத்தை மகன் ஃபெர்மினுக்கும் வேண்டும்.

"கொத்தமல்லிய வாயில வைக்கவே முடியாதவ எப்படி அரைப்ப? பேசாம சலவைக் கடை போடு" என்றான் அவன்.

"நீ முதல்ல வெங்காயத்த அழாம நறுக்குடா, பாப்போம்."

தினமும் சாப்பிட வரும் நர்ஸ் ஒரால்யாதான் வழி சொன்னாள். "இது திமிர் இல்லடி, பிறவி. அந்தத் தழையில இருக்கிற வாசம் சோப்புலயும் உண்டு. சில பேரு மூக்கு அதை மட்டும் பெருசாப் பிடிச்சுக்கும். தழைய நசுக்கி வச்சா அது மெல்ல அடங்கும்னு படிச்சேன்."

நெரேய்தா ஒரு வாரம் முயன்றாள். நறுக்கிப் போட்டால் சோப்பு. அரைத்த கையோடு தின்றாலும் சோப்பு. தழையை உப்போடு விழுதாக இடித்து, அரை மணி நேரம் விட்டு, சுட்ட பச்சைத் தக்காளியும் மிளகாயும் சேர்த்த அன்று, வாழ்வில் முதல் முறையாக இரண்டாவது கரண்டி எடுத்தாள்.

சனிக்கிழமை காலை, வண்டி முன்னால் வரிசை நிற்கும்போதே போட்டி நடந்தது. இரண்டு கிண்ணம், எது யாருடையது என்று அத்தைக்குச் சொல்லவில்லை. முதல் கிண்ணத்துக்கு "நல்லாருக்கு" என்றாள். இரண்டாவதை ருசித்தாள். மறுபடி ருசித்தாள். பிறகு டாக்கோவையே அதில் தோய்த்தாள்.

எட்டிப் பார்த்த வாடிக்கையாளர் ஒருவரும் அதிலிருந்து ஒரு வாய் வாங்கி ருசித்தார். "இதுல கொத்தமல்லி இருக்கா? நான் வருஷக்கணக்கா அது வேணாம்னு சொல்றவன். இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

"இது என்னோடத விட மேல. யாரு அரைச்சது?" என்றாள் அத்தை.

ஃபெர்மின் தரையைப் பார்த்தான். நெரேய்தா கையை நீட்டினாள். சாவி அதில் விழுந்தது.

மறுவாரம் புது வண்டியின் ஜன்னல் முன்னால் ஃபெர்மின் காலிப் பாத்திரத்தோடு வந்து நின்றான். "ரெண்டு லிட்டர் குடு. பழைய வண்டிக்கு வர்றவங்க எல்லாரும் உன் சால்சாதான் கேக்குறாங்க."

"தரேன் தரேன். வரிசையில நில்லு."