எதிரிகள் வலப்பக்கமிருந்து வருவார்கள்

என் நண்பன் குவைத்திலிருந்து அனுப்பும் போர்டுகள் எப்போதும் துவாலையில் சுற்றித்தான் வரும். விடுமுறைக்கு ஊர் திரும்புகிறவர்கள் யாராவது தங்கள் பெட்டியில், பால்பவுடர் டப்பாவுக்கும் தைல பாட்டிலுக்கும் நடுவே திணித்துக் கொண்டுவருவார்கள். "என்ன சார் இது, ஏர்போர்ட்ல பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கான்" என்று சலித்துக்கொண்டே கொடுப்பார்கள். காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டிகளின் உள்ளே இருக்கும் பச்சைப் பலகைகள் அவை. சாப்பாட்டுத் தட்டை விட அகலம். பலகை முழுக்கக் கறுப்புச் சில்லுகள். பெரும்பாலும் எல்லாமே செத்துப்போனவை. செத்துப்போனதைத்தான் அவன் தேடி வாங்குவான். உயிர்கொடுப்பது என் வேலை.

உண்மையான வேலை வேறு. நான் கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். வீடு தென்காசியில். போர்டு பழுதுபார்ப்பது ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம்.

அந்தப் பைத்தியத்துக்கு விதை குற்றாலத்தில் விழுந்தது. பத்தாவது படிக்கும்போது சீசன் தொடங்கிவிட்டால் நானும் அவனும் சைக்கிளில் போவோம். வீட்டில் அருவிக்கு என்று சொல்வோம். அருவியில் தலையைக் காட்டிவிட்டு ஓடுவது கடைத்தெருவில் இருந்த ஒரு தகரக் கொட்டகைக்கு. உள்ளே வரிசையாக கேம் பெட்டிகள். "தண்ணி சொட்டாம நில்லுங்கலே, ஷாக் அடிச்சிரும்" என்று கடைக்காரர் கத்துவார். துண்டை இடுப்பில் முறுக்கிக் கட்டிக்கொண்டு அவன் ஒரு பெட்டியின் முன்னால் மட்டும் நிற்பான். அந்த விளையாட்டில் ஓர் ஆள் தெருவில் நடந்துபோவான். திரையின் இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கமாக நடை. எதிரே, வலப்பக்கமிருந்து, ரவுடிகள் வந்துகொண்டே இருப்பார்கள். இடது கையால் குச்சியைப் பிடித்து ஆளை நகர்த்த வேண்டும், வலது கையால் பொத்தானைத் தட்டி அடிக்க வேண்டும். நான் சீக்கிரமே செத்துப்போவேன். அவன் ஆடினால் பக்கத்துப் பெட்டிக்காரர்கள்கூட விட்டுவிட்டு வந்து பார்ப்பார்கள்.

பிறகு அவன் குவைத் போனான். அங்கே ஒரு மொபைல் கடையில் வேலை. நான் வாத்தியாரானேன். கொட்டகை எப்போது போனதென்று கவனிக்கவில்லை. அங்கே இப்போது நேந்திரம் சிப்ஸ் பொரிக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் குற்றாலத்தில் ஒரு பழைய லாட்ஜை இடித்தபோது, பின்கட்டில் அதே மாதிரி ஒரு பெட்டி கிடப்பதைப் பார்த்தேன். கரையான் ஏறியிருந்தது. லோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அவனுக்குப் படம் அனுப்பினேன். அடுத்த நிமிடம் போன்.

"ஏலே, அதத் தூக்கிப் போட்டிராத. உள்ள போர்டு இருக்கா?"

"இருக்கு. சாரல் குடிச்சு வெளுத்துப்போய்க் கிடக்கு."

"சரிபண்ணுலே. நீ கணக்கு வாத்திதான? இதுவும் கணக்குதான்."

கணக்கு மாதிரிதான் இருந்தது. பெட்டியின் படக்குழாய், பழைய டிவியில் இருக்குமே அது, எப்படியோ பிழைத்திருந்தது. போர்டைத்தான் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அதில்தான் நான் எல்லாவற்றையும் கற்றேன். எங்கே மின்சாரம் வந்து எங்கே நின்றுபோகிறது என்று சில்லின் ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பார்ப்பது. பலகையில் அரித்துப்போன செம்புத் தடத்தைச் சுரண்டி, தலைமுடி கனத்தில் ஒரு கம்பியால் ஒட்டுப்போடுவது. போர்டை சோப்பு போட்டுக் கழுவி மொட்டைமாடியில் காயவைப்பது. முதல்முறை அதைப் பார்த்த என் மனைவி, "சட்டிபானையோட இதையும் சேத்துக் கழுவித் தரவா?" என்று கேட்டாள்.

குவைத்தில் வெள்ளிக்கிழமை பழைய சாமான் சந்தை கூடும். அவனுக்கும் அன்றுதான் விடுமுறை. தொழுகை முடிந்து சந்தைக்குப் போய், அங்கிருந்தே வீடியோவில் கூப்பிடுவான். குவித்துக் கிடக்கும் கம்பிகளுக்கும் டிவிகளுக்கும் இடையே போனைக் காட்டியபடி நடப்பான். நான் பள்ளியிலிருந்து வந்து சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்திருப்பேன்.

அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை அந்த விளையாட்டின் போர்டே கிடைத்தது. போர்டைத் தூக்கிப் போனுக்கு நேராகக் காட்டினான். "லே வாத்தி, அதேதாம்லே. சத்தியமா அதேதான்."

வந்து சேர்ந்த போர்டில் கோளாறு பெரிது. திரை முழுக்க வரி வரியாகக் கோடுகள். நினைவுச் சில்லு ஒன்று போய்விட்டதென்று தெரிந்தது. எது என்று தெரியவில்லை. வேறொரு செத்த போர்டிலிருந்து சில்லுகளைக் கழற்றி, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். அரைப் பரீட்சை விடுமுறை முழுக்க அதிலேயே போனது. கோடுகள் மறைந்து தெருவும் ஆளும் தெளிவாக வந்த அன்று, போனைத் திரைக்கு நேராகப் பிடித்து அவனுக்குக் காட்டினேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுகிறான் என்று கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

"சீசனுக்கு வாரேன்லே," என்றான். "அதுவரைக்கும் யாரையும் தொட விடாத."

அவனுக்கு சர்க்கரை இருந்தது. ரத்தக் கொதிப்பும் இருந்தது. மாத்திரை போடுகிறாயா என்று கேட்டால் பேச்சை மாற்றுவான். அடுத்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை அவன் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இருட்டும் நேரத்தில் அவன் அறைத்தோழர் ஒருவர் பேசினார். குளியலறையில் விழுந்துகிடந்தானாம். பக்கவாதம். பேச்சு இல்லை, வலது பக்கம் முழுக்க அசைவில்லை.

ஆஸ்பத்திரியில் வெகுநாள் வைத்திருந்து அனுப்பினார்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அவன் மச்சானோடு வேனில் நானும் போனேன். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆள் பாதியாகியிருந்தான். எதிரே குனிந்து கையைப் பிடித்தேன். என்னை அடையாளம் தெரிந்தது. உதடு கோணிக்கொண்டு எதையோ சொல்லத் துடித்தது. வந்த சொல், "நாளைக்கு."

அந்த ஒரு சொல்தான் அவனிடம் மிச்சமிருந்தது. தண்ணீர் வேண்டுமா என்றால் நாளைக்கு. வலிக்கிறதா என்றால் நாளைக்கு. வேறு சொல்ல நினைத்தாலும் அதுதான் வருமாம், டாக்டர் சொன்னார். அது வாயிலிருந்து வந்ததும் அவன் முகம் சுருங்கும். தான் சொல்ல வந்தது அது இல்லையென்று அவனுக்கே தெரியும்.

அச்சன்புதூரில் அவன் வீடு. முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். அவன் மனைவி இரவும் பகலும் பக்கத்திலேயே இருந்தார். அசைவில்லாத வலது பக்கத்தில்தான் துணை வேண்டும் என்று அந்தப் பக்கமே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் போகும்போதெல்லாம் கவனித்தேன், ஒவ்வொரு நாளும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் இறுகியிருந்தது. ஒருநாள் வாசல்வரை வந்து சொன்னார்.

"சோத்துல பாதிய அப்படியே வச்சிருதாக அண்ணே. கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டேங்காக. இத்தன வருசம் அங்க கெடந்து ஒழைச்சாகள்லா, எம்மேல என்ன கோவமோ."

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காதும்மா. ஒடம்பு முடியாததுதான்," என்றேன். "ஒருநாள் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. அந்த மெஷினைப் பாத்தா மனசு மாறும்."

சாரல் விழ ஆரம்பித்திருந்த ஒரு காலையில் காரில் கூட்டிவந்தார்கள். நானும் மச்சானும் தாங்கிப் பிடித்துப் பெட்டியின் முன் நாற்காலியில் உட்காரவைத்தோம். பெட்டியைப் பார்த்ததும் அவன் சிரித்தான். ஊர் வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. இடது கையை அவனே நீட்டிக் குச்சியைப் பிடித்துக்கொண்டான். பிறகு மடியில் கிடந்த வலது கையைக் குனிந்து பார்த்தான்.

"பொத்தான நான் அடிக்கேன்லே," என்றேன். "நீ ஓட்டு."

தெரு வந்தது. ஆள் நடந்தான். அந்த இடது கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, மேலேயும் கீழேயும் அலட்டாமல் ஓட்டினான். முதல் ரவுடி வலப்பக்கமிருந்து வந்தான். என் நண்பன் ஒதுங்கவில்லை. நான் பொத்தானைத் தட்டும் முன்பே நேராகப் போய் அவன்மேல் முட்டி அடிவாங்கினான். அடுத்தவனிடமும் அப்படியே. எதிரி நடுத்திரையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த பிறகுதான் அவன் கை அவசரமாக விலகியது. ஒவ்வொரு முறை ஆள் விழும்போதும் என்னைத் திரும்பிப் பார்த்தான், ஏன் அடிக்கவில்லை என்பதுபோல.

கை மெதுவாகிவிட்டது என்று முதலில் நினைத்தேன். ஆனால் இடையிடையே முதுகுக்குப் பின்னால், இடப்பக்கமிருந்து வந்தவர்களிடம் அவன் ஒருமுறைகூட அடிவாங்கவில்லை. மேஜையிலிருந்த சிவப்புப் பிடி ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். திரையைப் பார்த்தபடியே இருக்கச் சொல்லிவிட்டு, அவன் வலது காதோரம் அதை நீட்டி மெல்ல முன்னால் கொண்டுவந்தேன். கண்ணுக்கு நேராக வரும்வரை அவனிடம் சலனமே இல்லை. மூக்கைத் தாண்டியதும் திடுக்கிட்டுத் தலையைப் பின்னால் இழுத்தான். இடப்பக்கம் காதோரம் நீட்டியதுமே பார்த்துவிட்டான்.

அவன் மனைவி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே?"

"வலது பக்கம் இவனுக்குத் தெரியல போல," என்றேன். "ரெண்டு கண்ணுலயும்."

அவர் முக்காட்டின் நுனியை வாயில் அழுத்திக்கொண்டார். பிறகு, "நான் அந்தப் பக்கம்லாண்ணே இருக்கேன்," என்றார். "வந்த நாள்லேருந்து அந்தப் பக்கம்தான இருக்கேன். என்னையப் பாக்கப் பிடிக்கலன்னுல்லா நெனச்சேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அழுகைச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் என் நண்பன் தலையைத் திருப்பித் தேடினான். "நாளைக்கு, நாளைக்கு" என்று பதறினான்.

திருநெல்வேலியில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். கண்ணில் குறையில்லை, வலப்பக்கத்தைப் பார்க்கும் மூளையின் இடம் போய்விட்டது என்றார். வலது பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழக வேண்டும், போனது பெரும்பாலும் திரும்பாது என்றார். வீடு வந்ததும் அவன் மனைவி செய்த முதல் காரியம், நாற்காலியைக் கட்டிலின் இடப்பக்கம் மாற்றிப் போட்டது. அன்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் அங்கே நிற்கக் கூடாதென்று தோன்றி வெளியே வந்துவிட்டேன்.

எனக்கு அவன் ஆட வேண்டும். அதைத் தவிர வேறு யோசனை ஓடவில்லை. பழைய படக்குழாயின் கழுத்தில் ஒரு கம்பிச்சுருள் இருக்கும். அதில் இரண்டு கம்பிகளை இடம்மாற்றிப் போட்டால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறிவிடும். எதிரிகள் இடப்பக்கமிருந்து வருவார்கள். குச்சியின் கம்பிகளையும் மாற்றிப் போட்டேன். எழுத்துகளெல்லாம் இடவலமாகத் திரும்பி நின்றன. எழுத்தா முக்கியம்? நானே ஆடிப் பார்த்தேன். சரியாக வந்தது. பள்ளிக்கூடப் பையன் மாதிரி துள்ளிக்கொண்டு போய் அவனைக் கூட்டிவந்தேன்.

உட்கார்ந்தான். ஆட்டம் தொடங்கியது. எதிரி இடப்பக்கம் முளைத்தவுடனே அவன் கண் அங்கே போனது. "பாத்தியாலே!" என்று கத்திவிட்டேன். அவன் குச்சியை அசைத்தான், நிறுத்தினான். மறுபடி அசைத்தான். கண் திரையில் எதையோ தேடியது. எதிரி நெருங்கி வந்தான், வந்து எதையோ அடித்தான். என்ன அடிபடுகிறது என்று என் நண்பனுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது அவனுடைய ஆள் வலப்பக்கம் நிற்கிறான்.

"தலையத் திருப்புலே, இந்தப் பக்கம், கொஞ்சம் திருப்பிப் பாரு," என்றேன். திருப்பினான். ஆள் தெரிந்தான், எதிரி மறைந்தான். மறுபடி திருப்பினான். வியர்த்துக் கொட்டியது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் குச்சியை விட்டுவிட்டு அந்தக் கையால் என் முழங்கையைப் பிடித்தான். அழுத்திப் பிடித்தான். அவன் பார்வையில் என்மேல் கோபம் இல்லை. இவ்வளவு தூரம் மெனக்கெட்டாயே என்பதுபோல ஓர் இரக்கம் இருந்தது. எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

சுவிட்சை அணைத்தேன். அதன்பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான்தான் போய்க்கொண்டிருந்தேன். இடப்பக்கம் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதைகளைச் சொல்வேன், அவன் கேட்டுக்கொண்டிருப்பான். குளிர்காலத்தில் இன்னொரு முறை வாதம் வந்தது. இம்முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. பள்ளிவாசலுக்குத் தூக்கிப்போகும்போது தோள்கொடுத்தேன். யாரோ நகர்ந்து எனக்கு இடம்விட்டார்கள். குழியில் ஒரு பிடி மண் போட்டேன்.

சில மாதம் கழித்து ஒருநாள் அவன் மனைவியைப் பார்க்கப் போனேன். டீ கொடுத்தார். எதிரே உட்கார்ந்து, "அந்தக் கடைசிக் கொஞ்ச நாளு என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாகண்ணே," என்றார். "அது போதும்னு சொல்லுதாக எல்லாரும். எனக்குப் போதல."

எனக்கும் போதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். டீ ஆறிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் குடித்துவிட்டு, வாரேம்மா என்று எழுந்தேன்.