டம்ளரைத் தட்டிய நாள்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுத்து எனக்குத் தூரம். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷத்தோடு நின்றவன். ஆனால் ஐந்து நாளாக இந்த எவர்சில்வர் டம்ளர் கடை மேஜைமேல் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்க்கிறது. விளிம்பில் ஒரு நெளிசல், உடம்பெல்லாம் ஸ்பூன் பட்ட புள்ளிகள். ரிப்பேருக்கு வந்த போனைக் கழற்றுகிறேன், ஸ்க்ரூவைத் தொலைக்கிறேன், மறுபடி டம்ளரைப் பார்க்கிறேன். வேலை ஓடவில்லை. எழுதித் தொலைத்துவிடலாம்.

டம்ளர் எங்கள் கேம் கம்பெனியுடையது. கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைக்க வேண்டாம். பம்மலில் ஒரு தையல் யூனிட்டுக்கு மேல்மாடி, மொத்தம் எட்டுப் பேர். செய்ததும் ஒரே ஒரு கேம்தான்: பம்மலிலிருந்து தாம்பரத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்ட வேண்டும். ஆளை ஏற்று, இறக்கு, திட்டு வாங்கு. தூரத்தில் திருநீர்மலை தெரியும், குறுக்கே ரயில்வே கேட் வரும். நாள் முழுக்க அதை ஆடி, எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. அப்படி உடைவதற்குப் பெயர் பக். பக் கிடைத்தால் ஸ்பூனால் டம்ளரைத் தட்ட வேண்டும், எல்லோரும் எழுந்து வந்து பார்க்க வேண்டும். கம்பெனி நடத்திய சார் வைத்த வழக்கம் அது. தட்டிய பக்கைச் சரிசெய்யாமல் கேம் வெளியே போகாது என்பதும் அவருடைய சட்டம்தான்.

பக்கத்து சீட்டில் அக்கா; கூடப் பிறந்தவர் இல்லை, வயதில் மூத்தவர் என்பதால் அப்படிக் கூப்பிடுவேன். ஆட்டோ ஓடுவது, ஹாரன் அடிப்பது, ஆட்கள் ஏறி இறங்குவது எல்லாம் அவர் எழுதிய புரோகிராம். அதனால் நான் தட்டினால் பெரும்பாலும் அவர் தலையில்தான் விடியும். "அக்கா, உங்க ஆட்டோ ரிவர்ஸ்ல மலை ஏறுது. சாமி பாக்க போவுது போல" என்பேன். திரும்பாமலே, "உன்ன மாதிரி ஆள ஏத்தினா அதுவும் கோயிலுக்குத்தான் போவும்" என்பார்.

கேம் பொங்கலுக்கு வரும் என்றார்கள். பிறகு தீபாவளிக்கு. பிறகு அடுத்த பொங்கலுக்கு. நான்கு வருஷம் இப்படியே போனது. எனக்கு அது சிரிப்பு, அக்காவுக்கு இல்லை. இன்டர்வியூவுக்குப் போனால், இதுவரை என்ன வெளியிட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்களாம். வீட்டில் அவருடைய அப்பா, சேலையூரில் ஸ்கூல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒவ்வொரு பண்டிகைக்கும் போனை நீட்டி, "எங்கம்மா உன் கேம்? இதுல வந்துடுச்சா?" என்று கேட்பாராம். "ஒரே ஒரு தடவ அவர் கைல குடுத்து, இந்தாங்கன்னு சொல்லணும்டா" என்று அக்கா ஒருநாள் சொன்னார். அன்றைக்கு மட்டும் நான் கிண்டல் செய்யவில்லை.

கடைசியாக ஒரு தேதி நிஜமாகவே உறுதியானது. கேமுக்குப் பணம் போட்டிருந்த வெளியூர்க் கம்பெனிக்கு அந்தத் தேதியில் அனுப்ப வேண்டும். என் கணக்கில் தொண்ணூற்றொன்பது பக். நூறு அடித்தால் எல்லோருக்கும் பிரியாணி என்று சார் சொல்லியிருந்தார். அனுப்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், கேட் மூடியிருக்கும்போது சும்மா இருக்க முடியாமல் மூன்று தடவை ஹாரன் அடித்தேன். ஆட்டோ மூடிய கேட்டுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டது. பயணிகள் நான்கு பேர் மட்டும் இந்தப் பக்கம், ஆட்டோ இல்லாமல், அந்தரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா எட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"தட்டாதடா" என்றார் மெதுவாக. "அது எனக்குத் தெரியும். கேம் வெளிய வரட்டும், அடுத்த அப்டேட்ல சரி பண்ணிடறேன். இன்னிக்கி வேணாம்."

"செஞ்சுரிக்கா" என்று சொல்லிவிட்டுத் தட்டினேன்.

சார் வந்து பார்த்தார். இரண்டே வாரம் தள்ளுவோம் என்றார். சாயங்காலம் பிரியாணி வந்தது. எப்போதும்போல அக்கா தன் முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தார். அன்று வைத்திருக்க வேண்டாம்.

கேட்டைச் சரிசெய்தால் ஹாரன் உடைந்தது, ஹாரனைச் சரிசெய்தால் பயணிகள் ஏற மறுத்தார்கள். இரண்டு வாரம் ஏழு மாதமானது. பணம் போட்டவர்கள் விலகிக்கொண்டார்கள். ஒரு திங்கட்கிழமை காலை சார் எங்களை ஒவ்வொருவராக மொட்டைமாடிக்குக் கூப்பிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். மத்தியானத்துக்குள் எட்டுப் பேர் இரண்டு பேர் ஆனார்கள். அந்த இரண்டில் அக்காவும் இல்லை, நானும் இல்லை. படியிறங்கும்போது அக்கா டம்ளரை என் பையில் போட்டார். "வெச்சுக்கோ. இனிமே இங்க தட்ட ஆள் இல்ல."

"எம்மேல கோவமாக்கா?"

"உன்னாலதான்னு நெனச்சுக்காத. நீ அவ்ளோ பெரிய ஆளெல்லாம் இல்ல."

அதில் எவ்வளவு கிண்டல், எவ்வளவு நிஜம் என்று இரண்டு வருஷமாகப் புரட்டிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. இப்போது நான் கூடுவாஞ்சேரியில் செல்போன் ரிப்பேர் செய்கிறேன். அக்கா ஏதோ ஆஸ்பத்திரி டோக்கனுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறார்.

ஐந்து நாள் முன்னால், மிச்சமிருந்தவர்கள் எப்படியோ முடித்து, கேம் வெளியே வந்துவிட்டது. கடையிலேயே இறக்கினேன். முதலில் பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். செய்தவர்கள் வரிசையில் நாங்கள் இல்லை. கடைசியில் 'நன்றி' என்று ஒரு மூலை. அதில் டீக்கடை அண்ணனுக்குக் கீழே அக்கா, அவருக்குக் கீழே நான். பிறகு நேராகக் கேட்டுக்குப் போய் மூன்று தடவை ஹாரன் அடித்தேன். ஆட்டோ போய்விட்டது. நான்கு பேரும் அதே இடத்தில், அதே அந்தரத்தில். "தம்பி, டிஸ்ப்ளே மாத்தியாச்சா?" என்று வாசலில் ஒருவர் கேட்டார். என் கையில் ஸ்பூன் இருந்தது.

அதை வீடியோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "அக்கா, நாலு பேரும் இன்னும் அங்கயேதான் உக்காந்துகினு கீறாங்க. கேம் வந்துடுச்சு, அப்பா கிட்ட காட்டுங்க." பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. ஐந்து நாளாகப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். சற்று முன்னால், டம்ளரைக் கவிழ்த்து வைத்தபோது வந்தது.

"காட்டிட்டேன், நீ டம்ளர தட்டாத."