அறுபத்து மூன்று விளக்குகள்

நாடக மேடைக்கு விளக்குப் போட்டே இருபத்தாறு வருஷம் ஓட்டியவர். அதனால் பெயரே லைட்டுக்காரர் என்று ஆகிவிட்டது. கோபம் வந்தால் பெண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஒரு நாள் ஏணி வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. ஒன்றரை வருஷம் வீட்டோடு கிடந்தார். வேலையில்லாமல் வீட்டில் கிடக்கிற ஆம்பிளையின் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? சோறு குழைந்துவிட்டது என்று ஒரு சண்டை, ஃபேன் சத்தம் போடுகிறது என்று ஒரு சண்டை.

அப்போதுதான் பெண்டாட்டியின் தம்பி வந்தான். இரண்டு பேரை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கேம் செய்கிறவன். "உங்க கண்ணு எங்களுக்கு வேணும் மாமா" என்றான். அந்த ஒரு வார்த்தையில் மனுஷனுக்குப் பத்து வயசு குறைந்தது. ஐம்பத்தொரு வயதில் மவுஸ் பிடிக்கக் கற்றார். கேம் செய்கிற மென்பொருளான என்ஜினில் எந்தப் பொத்தான் எங்கே என்று கற்கவே இரண்டு மாதம் போயிற்று. தலையால் தண்ணீர் குடித்தார் என்றே சொல்லலாம். ஆனாலும் காலையில் எல்லோருக்கும் முன்னால் ஆபீஸ் வாசலில் நிற்பார்.

அவருக்குக் கொடுத்தது கேமில் வருகிற ஓர் ஆஸ்பத்திரி அறை. கட்டிலில் ஒரு தாய் படுத்திருக்கிறாள், தலைமாட்டில் பெரிய ஜன்னல். விளையாடுகிறவன் கதவைத் திறந்ததும் அவள் முகம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மேடையில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். முதல் நாளே கட்டிலுக்கு இடப்பக்கம், சற்று உயரத்தில், ஒரு விளக்கை வைத்தார். முகம் சாம்பல் பூசிய மாதிரி கிடந்தது. இன்னொன்று வைத்தார். அப்படியேதான் இருந்தது. பத்து வைத்தார், இருபது வைத்தார், ஒவ்வொன்றின் வெளிச்சத்தையும் கூட்டிப் பார்த்தார். எல்லாம் கிணற்றில் போட்ட கல்.

விஷயம் அற்பம். அறையையும் விளக்கையும் கணக்கிட்டு முடித்த பிறகு, அந்தப் படத்தின் மேல் என்ஜின் சில பூச்சுகளைப் பூசும். விளக்கைச் சுற்றி ஒளி கசிவது, ஓரம் இருள்வது எல்லாம் அந்தப் பூச்சுதான். அதில் ஒன்று நம் கண் மாதிரி: வெளிச்சம் கூடினால் படத்தைத் தானே மங்கலாக்கிவிடும். ஜன்னல் வெளிச்சத்துக்கே மங்கலாக்கியிருந்த அது, இவர் கொடுக்கக் கொடுக்க இன்னும் குறைத்துக்கொண்டே வந்தது. பட்டியலில் அதற்கு நேரே இருந்த பாழாய்ப்போன ஒரே ஒரு டிக்கை எடுத்துவிட்டால் தீர்ந்தது. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

கேட்டிருக்கலாம். பக்கத்து நாற்காலியில்தான் புரோகிராமர் பெண் இருந்தாள். காதிலிருந்து ஹெட்போன் இறங்காததால் அதையே அவளுக்குப் பேராக இவர் வைத்திருந்தார். நல்ல பெண், கேட்டால் சொல்லியிருப்பாள். ஆனால் கண்ணை நம்பிக் கூப்பிடப்பட்ட மனுஷன், தனக்கு வெளிச்சம் பிடிபடவில்லை என்று எந்த வாயால் கேட்பார்? ஆறு வாரம் கேட்கவில்லை.

கேமை வெளியிடுகிற கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். கதவு திறந்தது. முகம் தெரியவில்லையே என்றார் ஒருவர். மைத்துனன் இவரைப் பார்த்தான். இவர் முகத்தில் ஈயாடவில்லை. ஹெட்போன் எட்டி மவுஸை வாங்கி, ஏதோ பட்டியலைத் திறந்து, அந்த டிக்கை எடுத்தாள்.

திரை வெள்ளையாகிவிட்டது. கட்டில் இல்லை, ஜன்னல் இல்லை, தாய் இல்லை. ஆறு வாரமாகப் போட்ட வெளிச்சம் அத்தனையும் ஒரே நேரத்தில் வந்து நின்றது. வந்தவர் ஒருவர் சிரித்துவிட்டார்.

"சார், எத்தனை லைட் வச்சிருக்கீங்க?"

"அறுபத்து மூணு" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசியில் ஒன்று மிஞ்சியது. அந்தத் தாயின் முகம் தெரிந்தது, கண்ணுக்குக் கீழே இருந்த களைப்பு வரைக்கும். வந்தவர்கள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அது முதல் நாள் அவர் வைத்த விளக்கு. சொல்ல வாயெடுத்தார், அதற்குள் எல்லோரும் ஹெட்போனுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மைத்துனன் திட்டவில்லை. லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்து, திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னான். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்குள் நுழையும்போதே பெண்டாட்டிக்குத் தெரிந்திருந்தது. தம்பி போன் செய்துவிட்டான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவர் ஒரு செருப்பைக் கழற்றியபடியே எல்லாவற்றையும் கொட்டினார். மிஞ்சியது தன் விளக்குதான் என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னார்.

"நீ அவன்கிட்ட எடுத்துச் சொல்லு. நான் வச்ச இடம் சரிதான்னு தெரிஞ்சா திரும்பக் கூப்பிடுவான்."

"அதுக்கில்லைங்க." அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணு மாசம் மட்டும் வச்சுக்கடான்னு நான்தான் அவன்கிட்ட அழுதேன். வீட்ல உங்களைப் பாக்க முடியலை. அவனும் சரின்னான். அது போன வாரமே முடிஞ்சிருச்சு."

"அப்போ முகம் தெரிஞ்சிருந்தாலும்?"

"தெரிஞ்சிருந்தாலும்தாங்க" என்றாள்.

லைட்டுக்காரர் ஒற்றைச் செருப்போடு அப்படியே உட்கார்ந்திருந்தார். சண்டை போடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.