சாரல் நாளில் ஓடிய ஜெட் மில்

நான் சொன்ன ஒரு பொய்யால் ஒருவருக்கு வேலை போனது.

கம்பத்துக்குப் பக்கத்தில் மூலிகைப் பொடி அரைக்கும் ஆலையில் நான் மேலாளர். அவர் ஜெட் மில் ஆபரேட்டர். அந்த மில்லில் கல்லோ பிளேடோ கிடையாது. அழுத்தமான காற்றில் துகள்கள் ஒன்றோடொன்று மோதியே நுண்பொடியாகும். ஒல்லியான மனிதர், மதியத்துக்குள் புருவம் பச்சையாகிவிடும். மில்லின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, அதிர்வைக் கொண்டே பொடி விழும் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். அந்த முகத்தைப் பார்க்கவே அந்தப் பக்கம் போவேன்.

ஒரு சாரல் நாளில் காற்றை உலர்த்தும் டிரையர் பழுதாகிவிட்டது.

"காத்துல ஈரம் இருக்கு சார். இன்னைக்கு ஓட்டுனா பொடி கட்டி தட்டிரும்."

"பரவாயில்ல, ஓட்டுங்க," என்றேன்.

சரக்கு முழுவதும் கட்டி கட்டியாக இருக்கிறதென்று வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வந்தது. அவர் அவசரமாக அள்ளிப் போட்டுக் கெடுத்துவிட்டார் என்று முதலாளியிடம் சொன்னேன். பக்கத்தில் நின்ற அவர் என்னைப் பார்த்தார்.

ஓய்வு பெற்றபின் முதலாளியிடம் உண்மையைச் சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்கச் சம்மதம் வாங்கிக்கொண்டு அவருடைய ஊரான கூடலூர் போனேன். அவர் குமுளிக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"வேலை கெடக்கட்டும் சார். வீட்டுக்கு வந்து எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லுங்க. நான் அவசரப்பட்டுக் கெடுத்தேன்னு இன்னமும் நெனைக்கிறா."

சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. "இத்தன வருசமா இவுகளப் போயி ஏசினேனே," என்றார்.

அவர் ஜீப்பிலேயே என்னைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டு விட்டார். இன்னொரு நாள் வாங்க என்பார் என்று இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"கம்பம் பஸ் கெளம்புது சார்," என்றார்.