வெயிலில் மறக்காத நீலம்

ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைத் தங்கை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார். மெதுவாக. ஓரிடம் வெளுத்து, மெலிந்து, கிழிகிறது.

"ஆரம்பிச்சுட்டியா? ரொட்டியை இனி எதுல வைப்ப?" என்கிறார் எதிரே காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் அண்ணன்.

"கிழியறதுக்கு முன்னாடி வெளுத்துச்சு, பாத்தியாண்ணா? சொல்லிட்டுத்தான் போகுது."

தங்கை வேதியியல் பேராசிரியர். கைக்கு எட்டிய எதுவும் அவரிடம் இழுபடாமல் தப்பியதில்லை. ஒரு கூட்டத்தில் பக்கத்து இருக்கைக்காரரின் அடையாள அட்டை நாடாவை இழுத்துப் பார்த்திருக்கிறார். "மேடம், கழுத்து என்னோடது" என்றாராம் அவர்.

அண்ணன் உயரமான கட்டடங்களுக்கு வெளிப்புறம் பெயின்ட் அடிப்பவர். போன வருடம் இடுப்பில் கட்டிய பாதுகாப்பு பெல்ட் அறுந்து மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தார். அன்று காலை அதில் ஒரு கீறல்கூட இல்லை என்று இன்றும் சாதிக்கிறார். ஒடிந்த கால் கூடிவிட்டது. மறுபடி ஏறப்போகிறார்.

தங்கை தடுக்கவில்லை. "ஏறு. நான் தர்ற பட்டையை பெல்ட்டுல தைச்சுக்கிட்டு ஏறு" என்றார்.

அவரைப் பற்றி எழுத வந்த நான் அந்தப் பட்டையை அவருடைய ஆய்வுக்கூடத்தில் பார்த்தேன். விரல் அகலம், பால் வெள்ளை. இயந்திரம் இரு முனைகளையும் கவ்வி இழுத்தது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு நடுவில் நீலம் கசிந்து பரவியது. யாரும் மை ஊற்றவில்லை, சூடாக்கவில்லை. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் நடுவே அவர் கோத்து வைத்த சின்னஞ்சிறு வளையங்கள், இழுவை எல்லை மீறும்போது திறந்துகொள்கின்றன. திறந்த வளையத்தின் நிறம் நீலம். எத்தனையோ தடவை பார்த்தவர், அவரும் இன்னும் கிட்டே குனிந்து பார்த்தார்.

முந்தைய பட்டைகளில் வெயில் பட்டதும் வளையம் மூடிக்கொள்ளும், நிறம் போய்விடும். வெயிலில் தொங்குகிறவருக்கு அதனால் என்ன பயன்? அந்த மறதியோடு பல வருடம் சண்டை போட்டார். இது மறக்காத நீலம்.

அண்ணன் பட்டையைப் புரட்டிப் பார்த்தார். "கலர் பாத்துப் பொழைக்கறவன் நான். உன் நீலத்தையும் பாத்துடறேன்."

மறுநாள் ஏறினார். மதியத்துக்கு முன் காற்றில் அவர் நின்ற தொங்கு பலகை ஒரு பக்கம் சரிந்தது. பெல்ட் தாங்கியது. சுவர் பாதிதான் முடிந்திருந்தது. பெல்ட்டில் கீறல் இல்லை. ஆனால் பட்டை நீலமாக இருந்தது. இறங்கிவிட்டார். மேஸ்திரி திட்டினார். சாயங்காலம் பெல்ட்டைத் தங்கையிடம் கொடுத்தார். அவர் அதை இரண்டு உள்ளங்கைகளிலும் வாங்கிக்கொண்டார். இழுத்துப் பார்க்கவில்லை.